பறங்கிக்காய்க்கு அந்தப் பெயர் எப்படி வந்தது?

கடலூரில் ரெயில் ஏறிச் சிதம்பரம் போகிறவர்கள், ஆலப்பாக்கத்தையும் புதுச்சத்திரத்தையும் தாண்டியதும் ஒரு பெயர்ப் பலகையைப் பார்ப்பார்கள். "பரங்கிப்பேட்டை" என்று அதில் எழுதி இருக்கும். வெள்ளாறு கடலில் கலக்கும் இடத்தில் உள்ள பழைய துறைமுகப் பட்டினம் அது.

சிதம்பரத்தில் மார்கழித் திருவாதிரை அன்று வீட்டுக்கு வீடு களி கிண்டுவார்கள். களிக்குத் தொட்டுக்கொள்ள ஏழுகறிக் கூட்டு. அந்தக் கூட்டில் பறங்கிக்காயும் உண்டு.

ஊர்ப் பெயரிலும் பறங்கி. கூட்டில் போடும் காயிலும் பறங்கி. யார் இந்தப் பறங்கி?

"வெள்ளைக்காரன்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். சரிதான். ஆனால், எந்த நாட்டு வெள்ளைக்காரன்? அங்கேதான் கதை இருக்கிறது!

(ஊர்ப் பலகையில் சின்ன "ர", அகராதியில் பெரிய "ற". வேற்று நாட்டுச் சொல் என்பதால் இரண்டு விதமாகவும் எழுதி வந்திருக்கிறார்கள். சொல் ஒன்றே.)

ஈட்டி வீரர்கள்

ஐரோப்பாவில் ரைன் என்று ஒரு நதி. ஏறத்தாழ 1,700 ஆண்டுகளுக்கு முன்பு அதன் கரையில் ஒரு கூட்டத்தார் வாழ்ந்தார்கள். போரில் வல்லவர்கள். அவர்களுக்குப் "பிராங்குகள்" என்று பெயர். அவர்கள் வீசிய ஈட்டியின் பெயரே அவர்கள் பெயராயிற்று என்பது அறிஞர் பலரின் கருத்து.

பிராங்குகள் மேற்கே படை எடுத்துப் போய் ஒரு பெரிய நாட்டைப் பிடித்தார்கள். பிடித்தவர்களின் பெயரே நாட்டுக்கும் வந்தது. அதுதான் பிரான்ஸ்! ஜெர்மனியில் உள்ள பிராங்பர்ட் நகரின் பெயருக்கும் "பிராங்குகளின் ஆற்றுத்துறை" என்றே பொருள்.

பிடித்த நாட்டில் பிராங்குகளுக்குத்தான் முழுச் சுதந்திரம். மற்றவர்கள் அடங்கி நடக்க வேண்டும். ஆகவே நாளடைவில் "பிராங்க்" என்றால் "சுதந்திர மனிதன்" என்று அர்த்தம் ஆகிவிட்டது.

சிறைப்பட்ட ராஜா

1356-ம் ஆண்டில் நடந்த ஒரு போரில், பிரெஞ்சு மன்னர் இரண்டாம் ஜானை இங்கிலாந்துப் படையினர் சிறைபிடித்தார்கள். மன்னரை விட வேண்டுமானால் 30 லட்சம் பொற்காசு தர வேண்டும் என்று முடிவாயிற்று. அந்தப் பணத்துக்காக 1360-ல் புதிய தங்க நாணயம் அடித்தார்கள். அதில் மன்னர் குதிரை மேல் அமர்ந்திருப்பார். நாணயத்தின் பெயர், "பிராங்க்". மன்னருக்கு விடுதலை என்று பொருள்படும்படி வைத்த பெயர் அது என்பார்கள்.

பாவம், மீட்புப் பணம் முழுவதும் கட்டி முடியவே இல்லை. பிணையாக இருந்த மகன் தப்பி ஓடிவிட்டான். வாக்குத் தவறக்கூடாது என்று மன்னர் தாமே லண்டனுக்குத் திரும்பிப் போய், 1364-ல் அங்கேயே இறந்தார். பிரான்சில் பிராங்க் நாணயம் மறைந்தது 2002-ல், யூரோ வந்த பிறகுதான். சுவிட்சர்லாந்தில் இன்றும் பிராங்க்தான் செலாவணி.

ஆங்கிலத்தில் "பிராங்க்" என்றால் ஒளிவு மறைவு இல்லாமல் பேசுகிறவர். சுதந்திர மனிதன் யாருக்கு அஞ்ச வேண்டும்? மனதில் பட்டதைச் சொல்லிவிடுவான் அல்லவா?

இத்தாலிக்காரர்கள் தபால் தலையைப் "பிராங்கோபொல்லோ" என்கிறார்கள். கூலி கட்டியாகிவிட்டது, இனி இந்தக் கடிதம் தடை இல்லாமல் போகலாம் என்று அர்த்தம். நம் தபால் ஆபீசில் கடிதத்துக்கு முத்திரை அடிக்கும் "பிராங்கிங்" இயந்திரமும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே.

கப்பலில் வந்த பெயர்

அந்தச் சொல் நம் கடற்கரைக்கு எப்படி வந்தது?

1096-ம் ஆண்டு முதல், ஜெருசலேம் நகருக்காக ஐரோப்பியப் படைகள் கிழக்கே வந்து போரிட்டன. வந்தவர்களில் பலர் பிராங்குகளின் நாட்டைச் சேர்ந்தவர்கள். ஆகவே அரபு மக்கள், வந்த ஐரோப்பியர் எல்லோருக்கும் அந்தப் பெயரையே வைத்துவிட்டார்கள். வடநாட்டில் ஒரு காலத்தில் தமிழர், தெலுங்கர், மலையாளி எல்லோரையும் "மதராசி" என்றார்களே, அது போல!

பாரசீக மொழியில் அது "ஃபரங்கி" ஆயிற்று.

1498-ல் வாஸ்கோடகாமா கள்ளிக்கோட்டைக்கு வந்தார். அதற்கு வெகு காலம் முன்பிருந்தே அரபு, பாரசீக வணிகர்கள் நம் துறைமுகங்களில் வியாபாரம் செய்து வந்தார்கள். வெள்ளைக்காரரை அழைக்க அவர்களிடம் ஒரு சொல் தயாராக இருந்தது. தமிழர் நாவில் அது "பறங்கி" ஆயிற்று. வந்தவர்களோ பிராங்குகள் அல்ல, போர்த்துக்கீசியர்!

16-ம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வெள்ளாற்று முகத்தில் குடியேறினார்கள். அந்த இடத்தைப் "போர்ட்டோ நோவோ" என்று அழைத்தார்கள். புதுத் துறைமுகம் என்று பொருள். ஊர் மக்கள் வைத்த பெயரோ பரங்கிப்பேட்டை. பிறகு டச்சுக்காரர் வந்தனர், இங்கிலாந்துக்காரர் வந்தனர். 1781 ஜூலை 1-ல் ஹைதர் அலி இங்கிலாந்துப் படையுடன் மோதியதும் இங்கேதான்.

சென்னையில் உள்ள பரங்கிமலைக்கும் இதே வழியில் வந்த பெயர்தான். ஆனால் மதுரையை அடுத்த திருப்பரங்குன்றத்தை இதில் சேர்த்துவிடக் கூடாது. அது சங்க காலத்துப் பழம்பெயர்.

ஓலையில் ஓர் அறிவிப்பு

ஐரோப்பாவில் "சுதந்திர மனிதன்" என்று மார்தட்டிய சொல், தமிழ்நாட்டில் வசைச்சொல் ஆகிவிட்டது. பறங்கி என்றால் மாட்டிறைச்சி தின்பவன், குடிப்பவன், ஆசாரம் இல்லாதவன் என்றே அன்றைய மதுரையில் பேசிக்கொண்டார்கள். அங்கே இருந்த போர்த்துக்கீசியப் பாதிரியாரிடம் பெரிய குடும்பத்தார் நெருங்கவே இல்லை. கிறிஸ்தவ மதத்தில் சேருவதென்றால் பறங்கிக் குலத்தில் சேருவது என்று நினைத்தார்கள்.

1606-ல் ராபர்ட் டி நொபிலி என்ற இத்தாலியப் பாதிரியார் மதுரைக்கு வந்தார். காவி உடுத்தினார். மாமிசத்தை விட்டார். தமிழும் வடமொழியும் கற்றார். "தத்துவ போதகர்" என்று பெயர் வைத்துக்கொண்டார். அப்போதும் சந்தேகம் தீரவில்லை.

ஆகவே ஓர் ஓலையில் எழுதித் தம் வீட்டு வாசலில் கட்டினார். தாம் பறங்கி அல்ல, பறங்கி நாட்டில் பிறந்தவரும் அல்ல, அவர்கள் குலமும் அல்ல, ரோமாபுரியில் உயர்ந்த குடியில் பிறந்தவர் என்பது அதன் சாரம்.

கூட இருந்த போர்த்துக்கீசியப் பாதிரியாருக்கு எப்படி இருக்கும்? "அப்படியானால் நான் மட்டும் யார்?" என்று கேட்கத் தோன்றாதா? நொபிலியின் நடை, உடை, பழக்கம் எல்லாவற்றின் மீதும் புகார் கிளம்பியது. வழக்கு ரோமாபுரி வரை போயிற்று. 1623-ல் போப்பாண்டவர் 15-ம் கிரகோரி, நொபிலிக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னார்.

காயும் பூவும்

பறங்கிக்காய் அமெரிக்கக் கண்டத்தின் காய். கொலம்பஸ் 1492-ல் அங்கே போவதற்கு முன்பு இந்தியாவில் அதைக் கண்டவர் இல்லை. வெள்ளைக்காரர் வழியாக வந்ததால் பறங்கிக்காய் என்றார்கள். கொங்கு நாட்டில் மட்டும் கௌரவமாக "அரசாணிக்காய்" என்று பெயர்!

தாய்லாந்தில் வெள்ளைக்காரரை "ஃபராங்" என்கிறார்கள். கொய்யாப்பழத்துக்கும் அங்கே அதே பெயர். கொய்யாவும் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். சீனாவில் அந்தச் சொல் போர்த்துக்கீசியரையும் அவர்களுடைய பீரங்கியையும் குறித்தது. இலங்கையில் போர்த்துக்கீசிய, டச்சுக் குடும்பங்களின் வழிவந்தோரை இன்றும் பறங்கியர் என்றே அழைக்கிறார்கள்.

பரங்கிப்பேட்டையில் இன்று பறங்கியர் ஆட்சி இல்லை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. சிதம்பரத்தில் மார்கழி பிறந்தால் வாசலில் கோலம் போட்டு, நடுவே சாணிப் பிள்ளையார் வைத்து, தலையில் ஒரு மஞ்சள் பூவைச் செருகுகிறார்கள். அதுவும் பறங்கிப் பூதான்.