பெரட்டுக் களமும் கோயில் முன்றிலும்

2014ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் காலை, ஊவா மாகாணத்தில் கொஸ்லந்தைக்கு அருகிலுள்ள மீரியபெத்த என்னும் தோட்டப் பிரிவின்மேல் மலை சரிந்து விழுந்தது. லயங்கள் வரிசையாக மண்ணுள் மறைந்தன. அவற்றுள் இருந்தோர் பலர் மீளவில்லை. இத்தகைய துன்பம் நேருங்கால் நம்மவர் நாவில் இருவகைச் சொற்கள் எழுவதுண்டு. “எல்லாம் விதி” என்பது ஒன்று. “இதற்குப் பொறுப்பாளி யார்?” என்பது மற்றொன்று. பொதுவுடைமைச் சித்தாந்தத்திற்கும் சமய நம்பிக்கைக்கும் இடையே நூற்றாண்டுக்கு மேலாக நடந்துவரும் வழக்கு, இந்த இரு சொற்களுக்கும் இடையே நடக்கும் வழக்கேயாகும்.

கார்ல் மார்க்ஸ் 1844இல் எழுதிய கட்டுரையொன்றில் சமயத்தை அபினுக்கு ஒப்பிட்டார் என்பதை யாவரும் அறிவர். அந்த ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு ஏசுவோரும் உண்டு; மார் தட்டுவோரும் உண்டு. அக்காலத்தில் அபின் போதைப் பொருளாக மட்டுமன்றி, வலி தீர்க்கும் மருந்தாகவும் வழங்கியது என்பதை இரு சாராரும் மறந்துவிடுகின்றனர். சமயம் துன்புறுவோரின் துயரத்தை வெளியிடுகிறது, அத்துயரத்தை எதிர்க்கவும் செய்கிறது என்பது அவர் அதே இடத்தில் கூறிய கருத்து. லெனின் 1905இல் இப்பொருள் பற்றி எழுதியபோது, அரசைப் பொறுத்தவரை சமயம் அவரவர் சொந்த விஷயம் என்றார். கட்சித் திட்டத்தில் நாத்திகத்தை ஒரு நிபந்தனையாக எழுதிவைக்கவும் அவர் உடன்படவில்லை. ஆயினும் ஏட்டில் கண்டது வேறு. நாட்டில் நடந்தது வேறு. 1931இல் மாஸ்கோவின் மாபெரும் தேவாலயம் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்து, போர் நெருக்கிய வேளையில், அதே ஸ்டாலின் திருச்சபைத் தலைவர்களை அழைத்துப் பேசினார்.

நமது மலைநாட்டில் இக்கதை வேறு வகையாக நடந்தது. தோட்டத்துத் தொழிலாளர் தமிழகத்திலிருந்து வந்தபோது மாரியம்மனையும் முனியாண்டியையும் உடன் கொண்டுவந்தனர். வந்த இடத்தில் புதிய தெய்வங்களும் தோன்றின. தேயிலைத் தொழிற்சாலையின் சக்கரங்களைக் காப்பவர் ரோதைமுனி. கவ்வாத்து வெட்டும் மலைக்குக் கவ்வாத்துச் சாமி. இயந்திரம் கையை நசுக்கலாம், கத்தி காலை வெட்டலாம் என்ற அச்சம் இருக்கும் இடத்தில் தெய்வம் குடியேறுவது இயல்பே. தொழிலிலிருந்தே கடவுளர் பிறக்கக் கண்டால் மார்க்ஸ் வியந்திருக்கமாட்டார்.

கோயில் நம்பிக்கைக்குரிய இடமாக மட்டும் இருந்ததில்லை. அதிகாரத்திற்கும் அதுவே இடமாயிற்று. திருவிழாவுக்குரிய பணம் பல தோட்டங்களில் சம்பளத்திலேயே பிடிக்கப்பட்டது. திருவிழாவின் முதல் மரியாதை துரைக்கும் பெரிய கங்காணிக்கும் உரியது. காலையில் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டு வேலை பிரித்தவரே மாலையில் கோயில் முன்றிலில் பரிவட்டம் கட்டிக்கொண்டு நின்றால், அடியார் மனத்தில் ஆண்டவன் யார் பக்கம் நிற்பதாகத் தோன்றும்?

இந்த நிலையில்தான் 1935இல் தோன்றிய லங்கா சமசமாஜக் கட்சியினர் தோட்டங்களுக்குள் நுழைந்தனர். மாஸ்கோவைப் பின்பற்றிய பிரிவினரை அவர்கள் பின்னர் வெளியேற்றினர் என்றாலும் மார்க்சியம் இரு சாராருக்கும் பொது. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தில் கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலீசாரின் துப்பாக்கிச் சூட்டுக்கு இரையானார். அதன் அலை ஊவாவையும் எட்டிற்று. மே மாதம் 12ஆம் நாள், பதுளையில், தடையை மீறிக் கூடிய பெருங்கூட்டத்தில் என். எம். பெரேரா பேசினார். பதுளை வெவெஸ்ஸத் தோட்டத்தில் தொழிலாளர் தங்களுக்கென ஒரு சபையைத் தேர்ந்தெடுத்தனர். அதனுடன் கலந்தே நிர்வாகம் நடத்தத் துரையும் இணங்க நேர்ந்தது. அடக்க வந்த ஆயுதப் பொலீசாரின் ஆயுதங்களையும் தொழிலாளர் பறித்தனர். பின்னர் பொலீசாரின் கடுமையும், ஊவாவை ஒரு வாரத்திற்கு மேல் துண்டித்த பெருவெள்ளமும் அந்தக் கிளர்ச்சியைத் தணித்தன. ஜூன் மாதத்தில் கட்சித் தலைவர்கள் சிறை புகுந்தனர்.

நேயர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். அந்தச் சபையைத் தேர்ந்தெடுத்த கைகள், கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யும் வழக்கத்தில் வளர்ந்த கைகள். முதலாளியை எதிர்ப்பதற்காக அம்மனைக் கைவிட வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. கங்காணியின் பிடி தளர்ந்தால் கோயிலும் கங்காணியிடமிருந்து மீளும் என்பதே அவர்கள் கண்ட கணக்கு என்று நான் கருதுகிறேன்.

வடக்கே யாழ்ப்பாணத்தில் நடந்தது இதனினும் விந்தையானது. கம்யூனிஸ்ட் கட்சியின் பீகிங் சார்புப் பிரிவுக்கு என். சண்முகதாசன் தலைவராக இருந்தார். அதன் செங்கொடிச் சங்கம் மலைநாட்டிலும் இயங்கியது. அப்பிரிவினர் முன்னின்ற தீண்டாமை ஒழிப்பு இயக்கம் 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் ஒடுக்கப்பட்ட மக்களுக்காகப் போராடிற்று. எதிரே நின்று மறித்தவர் கணிதப் பேராசிரியரும் முன்னாள் அமைச்சருமான சி. சுந்தரலிங்கம். கடவுள் இல்லை என்பவர் கதவைத் திறக்கச் சொல்கிறார். கடவுள் உண்டு என்பவர் கதவை மூடுகிறார். எவர் அன்று முருகனுக்கு அணுக்கமாக நின்றார் என்ற வினாவுக்கு விடையை நேயர்களிடமே விடுகிறேன்.

ஆனால் மார்க்சியருக்கு மாலை சூட்ட நான் வரவில்லை. 1972ஆம் ஆண்டுக் குடியரசு யாப்பை உருவாக்கும் பொறுப்பை ஏற்றிருந்தவர் சமசமாஜத் தலைவர் கொல்வின் ஆர். டி சில்வா. அந்த யாப்பின் ஆறாம் பிரிவே பௌத்தத்திற்கு முதன்மை இடம் அளித்தது. சமயம் அரசுக்கு அயலானது என்ற கொள்கையைக் கடவுள் மறுப்பாளர் ஒருவரே கைநழுவ விட்டார். 1948இல் குடியுரிமையையும் அதனைத் தொடர்ந்து வாக்குரிமையையும் இழந்த தோட்டத் தமிழருக்கு அந்தப் பேரவையில் குரல் இருந்திருந்தால் வேறு சொல் ஒலித்திருக்குமோ, என்னவோ.

மீண்டும் மீரியபெத்தவுக்கு வருவோம். அந்தச் சரிவு ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை எழுதப்பட்ட தாளுக்கும் லயத்தின் வாசலுக்கும் இடையே நின்றது விதி அன்று. மாற்றிடமாக ஒரு துண்டு நிலமும், அதனை ஒதுக்கித் தரும் ஓர் ஒப்பமும் இல்லாமையே அங்கு நின்றது. உயிர் தப்பியோருக்கு மாக்கல்தெனியவில் வீடுகள் கையளிக்கப்பட்டது 2016இல். அதுவரை பல குடும்பங்கள் தங்கியது ஒரு பழைய தேயிலைத் தொழிற்சாலையில். கொழுந்து வாட்டிய கூடத்தில் தட்டி மறைத்துக் குடியிருந்தனர். மறைந்தோருக்குத் திதி கொடுப்பதையும், காணிக்கு உறுதிப் பத்திரம் கேட்பதையும் அவர்களுள் எவரும் ஒன்றுக்கொன்று முரணானதாக எண்ணியிருக்க மாட்டார்கள்.