தும்மலுக்கு வைக்கோல் வேண்டியதில்லை

சூடு மிதிக்கும் நாட்களில் தும்மல் வருவது கமக்காரருக்குப் புதிதல்ல. பதரும் தூசியும் மூக்கில் ஏறும். வேலை முடிந்ததும் தும்மலும் நிற்கும். ஆனால் வயலும் களமும் இல்லாத வெள்ளவத்தையில், காலையில் எழும்பியதும் அடுக்கடுக்காகத் தும்மலும் மூக்கில் நீரும் கண்கடியும் வருவது ஏன்? 'கொழும்புத் தண்ணீர் ஒத்துவரவில்லை' என்பார்கள். பெரும்பாலும் காரணம் தண்ணீரில் அல்ல, படுக்கையில் இருக்கிறது.

ஆங்கிலேயர் இந்நோயை 'வைக்கோல் காய்ச்சல்' என்றனர். 1873இல் மான்செஸ்டர் மருத்துவர் சார்ள்ஸ் பிளக்லி, புல்லின் மகரந்தமே இதற்குக் காரணம் என்று தம்மீதே சோதித்து எழுதினார். உண்மையில் இது காய்ச்சலுமல்ல, தொற்றுவதுமல்ல. தீங்கற்ற துகளை உடல் பகையென எண்ணி எதிர்ப்பதே இந்த ஒவ்வாமை.

ஈரமான எங்கள் கரையோரத்தில் மகரந்தத்தைவிட முக்கிய காரணம் தூசி உண்ணி. கண்ணுக்குத் தெரியாத இச்சிற்றுயிர் எங்கள் உடலிலிருந்து உதிரும் தோற்செதில்களைத் தின்று, மெத்தையிலும் தலையணையிலும் பெருகுகிறது. அதன் எச்சமே மூக்கை உறுத்துகிறது. கடற்காற்றின் ஈரமும், யன்னல் திறவாத வாடகை அறையும், உள்ளே காயும் உடுப்பும் அதற்கு நல்ல வாழ்விடம். கரப்பான் பூச்சியும் சுவரின் பூஞ்சணமும் இதற்குத் துணை.

என்ன செய்யலாம்?

• பழைய இலவம்பஞ்சு மெத்தையைவிடப் பன்பாய் நல்லது. அதை அடிக்கடி உதறி வெயிலில் காயவிடலாம்.
• படுக்கை விரிப்பு, தலையணை உறைகளை வாரம் ஒருமுறை நன்கு சுடுநீரில் தோயுங்கள்.
• ஈரத்துணியால் நிலத்தைத் துடையுங்கள். கூட்டும்போது தும்முபவர் வெளியே நிற்கட்டும்.
• பகலில் யன்னலைத் திறவுங்கள். உணவை மூடி வையுங்கள்.
• நுளம்புச் சுருளுக்குப் பதில் வலை கட்டுங்கள். புகை மூக்கை மேலும் புண்படுத்தும்.

ஒன்றை மட்டும் செய்தால் பயன் குறைவு. சேர்த்துச் செய்தால் நிவாரணம் கிடைக்கலாம்.

தும்மல் சிறு விடயமென்று விட்டுவிடாதீர்கள். மூக்கடைத்த பிள்ளை இரவில் நித்திரையின்றி, வகுப்பில் தூங்கும். இந்நோய் உள்ள பலருக்குத் தொய்வும் சேர்ந்தே வருகிறது. இழுப்போ இரவு இருமலோ இருந்தால் களுபோவிலை அரசினர் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். அங்கு சிகிச்சை இலவசம். மூக்குக்குள் விசிறும் மருந்து தந்தால், சொன்னபடி நாள்தோறும் பாவியுங்கள். சில தும்மல் குளிசைகள் நித்திரை தரும். இயந்திர வேலைக்குப் போவோர் முன்கூட்டியே கேட்டறிவது நல்லது.

ஊரிலிருந்து கொண்டுவந்த பாயைக் கட்டில் வந்ததும் எறிந்துவிடாதீர்கள். அதற்கு இங்கும் வேலை இருக்கிறது.