பதிலின் வயதும் ஒரு செலவு

குழித்துறையாறு கடலில் சேரும் தேங்காய்ப்பட்டணத் துறைமுகத்திலிருந்து ஒரு விசைப்படகு மணிக்கு 8 கடல்மைல் வேகத்தில் புறப்பட்டால், ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 15 கிலோமீட்டர் போய்விடும். கரையிலுள்ள கைபேசிக் கோபுரங்களின் சிக்னலோ 10 முதல் 12 கிலோமீட்டர் வரைதான் எட்டும். 2019 அக்டோபரில், மீனவர்களுக்குச் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி தரும் ஜெமினி கருவியை அறிமுகம் செய்தபோது மத்திய அரசு சொன்ன கணக்கு இது. 12 கிலோமீட்டரைக் கடக்க 48 நிமிடம். தூத்தூர்ப் பக்கத்து ஆழ்கடல் படகுகள் வாரக்கணக்கில் கடலில் தங்குபவை. அத்தனை நாளுக்குமான வானிலையை இணையத்தில் கேட்டு வாங்க அவற்றில் போகிறவர்களுக்கு இருப்பது, கரையில் நிற்கும் பொழுதும் அதன்பின் இந்த 48 நிமிடமும்தான்.

அதனால் கடல் நிலவரம் காட்டும் பக்கம் ஒன்றை எழுதுகிறவர் ஒவ்வொரு கோரிக்கைக்கும் கணக்கு வைத்தாக வேண்டும். கோடில் பார்த்தால் கோரிக்கை ஒரே வரி. ஆக்ஸியோஸ் லைப்ரரியிடம் முகவரியைக் கொடுத்தால் பதில் வந்துவிடும். சர்வரிலும் பிரவுசரிலும் அதே வரி ஓடும். 2014-ல் மேட் ஜாப்ரிஸ்கி தொடங்கிய அந்த லைப்ரரி இவ்வளவு பரவியதற்கு இந்த வசதி பெரிய காரணம். உள்ளே அது பிரவுசரில் எக்ஸ்எம்எல்ஹெச்டிடிபி-ரிக்வெஸ்ட்டையும், சர்வரில் நோட்.ஜேஎஸ்ஸின் ஹெச்டிடிபி மாட்யூலையும் பிடித்துக்கொள்கிறது. எழுதுவது ஒன்றுதான் என்றாலும் ஆகும் செலவு இடத்துக்கு இடம் வேறு.

முதலில் எடை. ஆக்ஸியோஸைச் சுருக்கி அனுப்பினால் சுமார் 13 கிலோபைட். அதே வேலைக்குப் பிரவுசரிலேயே இருக்கும் ஃபெட்ச்சுக்கு 0. ஃபெட்ச் 2015-ல் குரோமுக்கும் ஃபயர்ஃபாக்ஸுக்கும் வந்தது; நோடில் 2022-ல் வந்த 18-ஆம் பதிப்பிலிருந்து கூடவே கிடைக்கிறது. நொடிக்கு 100 கிலோபிட் மட்டுமே கிடைக்கும் தேய்ந்த சிக்னலில் அந்த 13 கிலோபைட் இறங்க ஒரு நொடிக்குச் சற்று மேல் ஆகும். ஒருமுறை இறங்கினால் கைபேசியிலேயே தங்கிவிடுவதால் இதைப் பெரிய செலவாக நான் எழுதமாட்டேன். லைப்ரரி கனமா, இலேசா என்று விவாதிக்கும் நேரத்தில் பாதியையாவது அடுத்த இனத்துக்குக் கொடுக்கலாம்.

அடுத்த இனம், போய்வரும் பயணங்கள். புதிதாக ஒரு சர்வரைக் கேட்கும்போது, பெயரைத் தேட ஒரு பயணம், டிசிபி இணைப்புக்கு ஒன்று, டிஎல்எஸ் 1.3 பூட்டுக்கு ஒன்று, உண்மையான கேள்விக்கு ஒன்று. ஆக 4. பழைய டிஎல்எஸ் 1.2 என்றால் 5. நல்ல 4ஜியில் ஒரு பயணத்துக்கு 60 மில்லிநொடி என்று வைத்தால் மொத்தம் 240 மில்லிநொடி, யாருக்கும் தெரியாது. கோபுரம் கண்ணுக்கு மறையும் தூரத்தில் அதே பயணம் 600 மில்லிநொடியானால் 2.4 நொடி. பதில் எத்தனை சிறிதானாலும் இதில் ஒன்றும் குறையாது. குறைய வேண்டுமானால் திறந்த இணைப்பை மூடாமல் வைத்து அடுத்த கேள்வியையும் அதிலேயே அனுப்ப வேண்டும்; அப்போது இரண்டாம் கேள்விக்கு 600 மில்லிநொடியே போதும். பிரவுசர் இதைத் தானாகச் செய்கிறது. நோட் 2022 அக்டோபரில் வந்த 19-ஆம் பதிப்பில்தான் இதை இயல்பாக்கியது. அதற்கு முந்தைய நோடை வைத்திருப்பவர் தானே கேட்டுப் போட்டுக்கொள்ள வேண்டும்.

பிரவுசருக்கு மட்டும் இன்னொரு செலவு உண்டு. பக்கம் ஒரு முகவரியிலும் தரவு வேறொரு முகவரியிலும் இருந்து, கோரிக்கையோடு அடையாளச் சான்று போன்ற கூடுதல் தலைப்பும் போனால், பிரவுசர் முதலில் ‘கேட்கலாமா’ என்று தனியாக ஒரு கோரிக்கை அனுப்பும். பயணம் 5 ஆகிறது, 2.4 நொடி 3 நொடியாகிறது. அந்த அனுமதியை எவ்வளவு நேரம் நினைவில் வைக்கலாம் என்று சர்வர் சொல்லாவிட்டால் 5 நொடிதான் வைத்திருக்கும். சொன்னால் குரோம் 2 மணி நேரம் வரையும், ஃபயர்ஃபாக்ஸ் 24 மணி நேரம் வரையும் வைத்திருக்கும். தரவு தரும் இடம் அனுமதியே தராவிட்டால் எந்த லைப்ரரியாலும் பிரவுசரில் அந்தப் பதிலைப் படிக்க முடியாது. இந்தக் கட்டுப்பாடு பிரவுசருடையது. சர்வரில் ஓடும் கோடுக்குக் கிடையாது.

ஆகவே கணக்கின் பெரிய லாபம் சர்வர் பக்கம் இருக்கிறது. 500 கைபேசிகள் 15 நிமிடத்துக்கு ஒருமுறை தரவு மூலத்தை நேராகக் கேட்கின்றன என்று வைப்போம். ஒன்றுக்கு நாளுக்கு 96, மொத்தம் 48,000 கோரிக்கை. நடுவில் ஒரு சர்வர் அரை மணிக்கு ஒருமுறை கேட்டு, பதிலைக் கேஷில் வைத்துக்கொண்டால் மூலத்துக்குப் போவது 48, ஆயிரத்தில் ஒன்று. பொதுப் பணத்தில் நடக்கும் ஒரு தரவுச் சேவையிடம் 48,000 முறை ஒரே கேள்வியைக் கேட்பது தவறு என்றே நான் நினைக்கிறேன். கைபேசிக்கும் இதில் மிச்சமுண்டு. கடற்கரை முழுவதற்குமான பதில் 40 கிலோபைட் என்றால், 96 முறைக்கு நாளுக்கு 3.84 மெகாபைட், 30 நாளில் 115.2 மெகாபைட். சர்வர் அதைத் தேங்காய்ப்பட்டணத்துக்கு மட்டும் வேண்டிய 2 கிலோபைட்டாகச் சலித்து, நாளுக்கு 6 முறை தந்தால் மாதம் 360 கிலோபைட். 320-ல் ஒரு பங்கு.

காத்திருப்பையும் எழுத வேண்டும். ஆக்ஸியோஸில் காலவரம்பின் இயல்பு மதிப்பு 0. அதாவது, லைப்ரரி தானாக ஒருபோதும் கைவிடாது. படகு கரையை விட்டு விலகும்போது, சுற்றும் ஒரு வட்டத்தைப் பார்த்துக்கொண்டு அந்த 48 நிமிடத்தில் பத்தை ஒருவர் இழக்கலாம். 8 நொடி வரம்பு, மொத்தம் 3 முயற்சி, இடையில் 1 நொடியும் 2 நொடியும் ஓய்வு என்றால், அதிகபட்சம் 27 நொடியில் ‘கிடைக்கவில்லை’ என்று உறுதியாகச் சொல்லிவிடலாம். ஓய்வு நேரம் எல்லாக் கைபேசியிலும் ஒன்றாக இருக்கக் கூடாது. இருந்தால், தடுமாறும் சர்வர்மேல் 500 கைபேசிகளின் 1,500 கோரிக்கையும் அலையலையாக விழும்; ஒவ்வொரு அலையும் ஒரே கணத்தில். மறுமுயற்சி தகவல் கேட்பதற்கு மட்டும். பதிவு செய்யும் கோரிக்கையைக் கண்ணை மூடிக்கொண்டு மீண்டும் அனுப்பினால் ஒரே படகு இரண்டு முறை பதிவாகும்.

பிழையைப் பிழையென்று சொல்வதில் ஃபெட்ச்சும் ஆக்ஸியோஸும் வேறுபடுகின்றன. சர்வர் 500 என்று விழுந்தாலும் ஃபெட்ச் அதைக் கிடைத்த பதிலாகவே கையில் கொடுக்கும். எண்ணைப் பார்ப்பது எழுதுகிறவர் பொறுப்பு. ஆக்ஸியோஸ் 200-க்கும் 299-க்கும் வெளியே எது வந்தாலும் பிழையாக எறியும். கடல் நிலவரத்துக்கு ஆக்ஸியோஸின் வழியே பாதுகாப்பு. அதற்கு 13 கிலோபைட் கொடுக்கலாம்.

மேலே சொன்ன பெரிய சேமிப்பு, பழைய பதிலைத் திரும்பத் தருவதால் வந்தது. அதற்கு எல்லை எங்கே என்பதை இந்தக் கடற்கரையின் 2017 காட்டிவிட்டது. நவம்பர் 29 முற்பகல் காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக இருந்தது, 30 முற்பகலில் ஒக்கி புயல். இடையில் ஏறக்குறைய 24 மணி நேரம். 24 மணி நேரம் கேஷில் வைத்த பதில், அந்த மாற்றம் முழுவதையும் மறைத்துவிடும். அரை மணி கேஷ் மறைப்பது அதிகபட்சம் 48-ல் ஒரு பங்கு. கடலுக்குள் போனபின் படிப்பதோ எப்போதும் கரையில் வாங்கிய பதில்தான். ஒருவழிச் செயற்கைக்கோள் செய்தி தரும் ஜெமினி போன்ற கருவி இல்லாத படகில் அதன் வயது மணிக்கு மணி ஏறும்.

எனவே, கேஷிலிருந்து எடுத்தாலும் புதிதாய் வாங்கினாலும், முன்னறிவிப்பு கணிக்கப்பட்ட நேரம் பதிலோடு வர வேண்டும். திரையில் காற்றின் வேகத்துக்குப் பக்கத்திலேயே அதே அளவு எழுத்தில் நிற்க வேண்டும். தேதி, மணி, இந்திய நேர வித்தியாசம் மூன்றையும் நிலையான வடிவில் எழுத 25 பைட் ஆகும். 2 கிலோபைட் பதிலில் அது 80-ல் ஒரு பங்கு. கூடுதல் பயணம் 0.