200 ஆண்டாகியும் மங்காத காங்ரா பச்சை

பதான்கோட்டில் இருந்து ஜோகீந்தர்நகர் செல்லும் 164 கிலோமீட்டர் குறுகிய ரெயில் பாதை 1929-ம் ஆண்டு திறக்கப்பட்டது. இமாசலப் பிரதேசத்தின் காங்ரா பள்ளத்தாக்கு வழியாகச் செல்லும் அந்தப் பாதையில் குலேர் என்று ஒரு சிறிய நிலையம் உண்டு.

18-ம் நூற்றாண்டில் குலேர் ஒரு தனி மலை அரசு. அங்கே உருவான ஓவிய முறை, பின்னர் காங்ரா மன்னர் சன்சார் சந்த் (1775-1823) ஆதரவில் செழித்தது. இன்று உலகம் முழுவதும் அதற்குக் காங்ரா ஓவியம் என்று பெயர்.

படங்களில் பெரும்பாலும் ராதையும் கண்ணனும்தான். கதை நடப்பது யமுனைக் கரையில். ஆனால் படத்தில் இருப்பது இமயமலை அடிவாரம்! உருண்டு திரண்ட பச்சைக் குன்றுகள், சுழித்து ஓடும் ஆறு, பூத்துக் குலுங்கும் மரம், அதைத் தழுவிய கொடி. ஓவியர்கள் தங்கள் ஊரையே பிருந்தாவனமாக வரைந்துவிட்டார்கள்.

மண்ணும் கல்லும் செடியும்

அந்த வண்ணங்கள் ட்யூபில் வந்தவை அல்ல. சிவப்புக்குச் சாதிலிங்கம். செம்மண் நிறத்துக்குக் காவிக்கல். மஞ்சளுக்கு அரிதாரம். நீலத்துக்கு அவுரி. மன்னர் தாராளமாகச் செலவு செய்பவராக இருந்தால், ஆப்கானிஸ்தானத்தில் இருந்து வரும் லாஜவர்த் என்ற நீலக்கல். கறுப்புக்கு விளக்குப் புகைக்கரி. இவற்றில் பல நம் ஊர் சித்த வைத்தியர்களுக்கும் பழக்கமான சரக்குகள்தான்.

கல்லை இடித்து, கல்வத்தில் அரைத்து, தண்ணீரில் கரைப்பார்கள். கசடு அடியில் தங்கியதும் மேலே நிற்கும் நுண்ணிய பொடியை மட்டும் இறுத்து எடுத்து மறுபடியும் அரைப்பார்கள். பிறகு வேலம்பிசின் சேர்க்க வேண்டும். பிசின் குறைந்தால் வண்ணம் உதிரும். கூடினால் வெடித்துவிடும்.

தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டித் தடிப்பாக்கி, வெள்ளை பூசி, வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றிய பிறகுதான் வண்ணம் தீட்டுவார்கள். அதற்கு அணில் வால் மயிரில் செய்த தூரிகை.

பச்சையில் ஒரு தொல்லை

மலையை வரைபவனுக்கு முக்கியமான நிறம் பச்சை. அதில்தான் தொல்லையும் இருந்தது.

ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பு வைத்தால் பச்சையாகக் களிம்பு ஏறும் அல்லவா? அதேபோல் செம்பில் காடியை ஊற்றிக் களிம்பு எடுத்தார்கள். கண்ணைப் பறிக்கும் பச்சை அது. ஆனால் நாளடைவில் காகிதத்தையே அரித்துவிடும். பச்சை பூசிய இடம் மட்டும் பழுப்பேறி நொறுங்கிப்போன பழைய படங்கள் உண்டு.

இன்னொரு வழி, அவுரி நீலத்தோடு மஞ்சளைக் குழைப்பது. நீலம் கூடினால் மழைக்கால மலை. மஞ்சள் கூடினால் இளந்தளிர். ஒரே குன்றில் இரண்டு மூன்று பச்சை தெரிவது இந்தக் கலவையால்தான்.

பக்கத்து அரசான பசோலியில் ஒரு வேடிக்கை. படத்தில் மரகத நகை காட்ட, வண்டின் பளபளக்கும் சிறகோட்டை நறுக்கி ஒட்டினார்கள். சிறுவயதில் தீப்பெட்டிக்குள் பொன்வண்டு வளர்த்தவர்களுக்கு அந்தப் பச்சை எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மஞ்சளில் 'பியூரி' என்று ஒரு வகை உண்டு. பீகாரில் முங்கேர் அருகே மிர்சாபூரில், மாடுகளுக்கு மாவிலையையே தீனியாகப் போட்டு, அவற்றின் மூத்திரத்தைக் காய்ச்சி அதைத் தயாரித்ததாகத் திரைலோக்யநாத் முகர்ஜி 1883-ல் எழுதினார். மாடுகள் ஆரோக்கியமின்றி இருந்தன என்றும் குறிப்பிட்டார். 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தத் தொழில் நின்றுபோனது. அழகான நிறங்கள் எல்லாமே பாவமற்றவை என்று சொல்வதற்கில்லை.

பேரேட்டில் கிடைத்த பெயர்

இவ்வளவு பாடுபட்டவர்கள் யார்? பெரும்பாலான படங்களில் பெயர் இல்லை.

அந்தப் பெயர்களைத் தேடியவர் பி.என்.கோஸ்வாமி (1933-2023). ஐ.ஏ.எஸ். பதவியை விட்டுவிட்டுக் கலை ஆராய்ச்சிக்கு வந்தவர். ஹரித்துவாரில் பண்டாக்கள் வைத்திருக்கும் யாத்திரிகர் பேரேடுகளை அவர் புரட்டினார். அஸ்தி கரைக்கவும் தீர்த்தமாடவும் வருபவர்கள் ஊர், குலம், தகப்பன் பெயர் எழுதிவைக்கும் ஏடுகள் அவை. ஓவியர்களின் குடும்பங்கள் அதில் கிடைத்தன.

குலேரைச் சேர்ந்த பண்டிட் சேவு, அவர் மக்கள் மானகு, நைன்சுக். தச்சர் குலத்தவர்கள். நைன்சுக் சொந்த ஊரில் தங்கவில்லை. ஜஸ்ரோட்டாவின் பல்வந்த் சிங்கிடம் வேலைக்குப் போனார். எஜமான் 1763-ல் இறந்ததும் அவருடைய அஸ்தியோடு ஹரித்துவார் சென்று, பேரேட்டில் தன் கையாலேயே எழுதி, ஒரு கோட்டுப்படமும் வரைந்து வைத்தார். பிறகு பசோலியில் வேலை தேடிக்கொண்டார். பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் போனவர்தான் அவரும்! காங்ரா ஓவியத்தின் புகழ்பெற்ற மலைக்காட்சிகள் அடுத்த தலைமுறையின் கைவண்ணம்.

நீரில் போன நிலம்

1809-ல் காங்ரா கோட்டை ரஞ்சித் சிங் வசமானது. ஆதரிக்க ஆள் குறைந்ததால் ஓவியர்கள் சிதறினார்கள். 1905 ஏப்ரல் 4-ந்தேதி ஏற்பட்ட பூகம்பம் பள்ளத்தாக்கையே உலுக்கிச் சுமார் 20 ஆயிரம் பேரைப் பலிகொண்டது.

1970-களில் பியாஸ் நதியில் போங் அணை எழுந்தது. பழைய குலேர் அரசின் வளமான ஹல்தூன் சமவெளி நீரில் மூழ்கியது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நிலம் இழந்தன. பலருக்கு ராஜஸ்தானில் மாற்று நிலம் ஒதுக்கப்பட்டது. பச்சை வயலில் பிறந்தவர்கள் பாலைவனத்தில் பிழைக்க வேண்டியதாயிற்று.

கலை அடியோடு அழியவில்லை. பழைய முறையில் வண்ணம் அரைத்து வரையும் சம்பா நகரின் விஜய் சர்மாவுக்கு 2012-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அதே ஆண்டு காங்ரா ஓவியத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் அச்சடித்த படம் மலிவாகக் கிடைக்கும்போது, அரைக்கும் நாட்களுக்கும் சேர்த்துக் கூலி கொடுக்க ஆள் வேண்டுமே!

தலைநகரில் வாழும் தமிழர்கள் இதற்காக மலையேற வேண்டாம். ஜன்பத்தில் உள்ள தேசிய அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இந்த மலைநாட்டு ஓவியங்கள் பல இருக்கின்றன. படம் கைக்குட்டை அளவுதான். ராதையைப் பார்த்த பிறகு, பின்னால் இருக்கும் குன்றையும் ஒரு நிமிடம் நின்று பாருங்கள்.