வீட்டுக்குள்ளே ஷார்க்!

ராயபுரத்துக்காரர்களுக்கு சுறாவைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. காசிமேட்டில் பார்த்துச் சலித்தவர்கள். ஆனால், "எங்க வீட்ல ஷார்க் வளர்க்கிறேன்" என்று ஆபீஸில் சொல்லிப் பாருங்கள்... சீட்டை விட்டு எழுந்து வந்து விசாரிப்பார்கள்! அந்த ஆசையில்தான் சம்பளம் வாங்கிய கையோடு கொளத்தூர் கலர் மீன் கடைகளுக்குப் படையெடுக்கிறார்கள் நம் இளைஞர்கள்.

ஒரு சின்ன ரகசியம். கடையில் கிடைக்கிற 'ஷார்க்'குகளில் பெரும்பாலானவை சுறாவே இல்லை! பாலா ஷார்க், ரெட் டெயில் ஷார்க் இரண்டும் கெண்டை வகையறா. வெள்ளி நிறத்தில் மீசையோடு திரிகிறதே, அது கெளுத்தி இனம். நாலடி வரை வளரும். ஓட்டலில் 'பாசா' என்று முள்ளில்லாமல் வறுத்து வைக்கிறார்களே... சாட்சாத் அதேதான்!

இவை தென்கிழக்கு ஆசிய ஆற்று மீன்கள். தண்ணீர் 24 முதல் 27 டிகிரி செல்சியஸுக்குள் இருந்தால் குஷியாக இருக்கும். கடைக்காரர் தொட்டியோடு ஹீட்டரையும் தலையில் கட்டப் பார்ப்பார். மார்கழி ராத்திரி தவிர நம்ம ஊரில் அதற்கு வேலை கம்மி. இங்கே வில்லன் குளிர் இல்லை சார், வெயில்!

20 டிகிரியில் ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் சுமார் 9 மில்லிகிராம் ஆக்ஸிஜன் கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். ஆனால், சூடு ஏற ஏற மீனுக்கு மூச்சுத் தேவை கூடும். வரவு குறைந்து செலவு ஏறினால்? மாசக் கடைசியில் நம்ம பர்ஸ் கதைதான்!

எண்ணூர் மீனவர்களுக்கு இது அனுபவம். அனல் மின் நிலையச் சுடுநீர் கலந்து மீன் வரத்து குறைந்துவிட்டதாகப் பல வருஷமாகக் குமுறுகிறார்கள். 1999 ஜூனுக்குப் பிறகு வந்த, கடல்நீரைப் பயன்படுத்தும் மின் நிலையங்கள் வெளியேற்றும் தண்ணீர், சுற்றியுள்ள நீரைவிட 7 டிகிரிக்கு மேல் சூடாகக் கூடாது என்று மத்திய அரசின் விதியே இருக்கிறது. ஆற்று மீனாவது விலகி ஓடும். கண்ணாடித் தொட்டி மீன் எங்கே ஓடும்?

அதிலும் நீங்கள் ஆபீஸில் இருக்கும் நேரம்தான் அதற்குச் சோதனை. ஜன்னல் மூடி, ஃபேன் ஆஃப், மத்தியானம் மூணு மணி வெயில்! அதனால் ஜன்னலோரம், ஆஸ்பெஸ்டாஸ் கூரை இரண்டும் வேண்டாம். மூடிக்குப் பதில் வலை போட்டு, தண்ணீர் மேல் சின்ன ஃபேன் காற்று படவிட்டால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஐஸ் கட்டியை அப்படியே கொட்டாதீர்கள். திடீர்க் குளிர்ச்சியும் ஆபத்து. கரன்ட் போனால் பேட்டரி ஏர் பம்ப் கை கொடுக்கும்.

"எனக்கு நிஜ சுறாவேதான் வேணும்" என்பவர்களுக்கு மூங்கில் சுறா இருக்கிறது. நம் கடலிலும் உண்டு. ஆனால் இரண்டடிக்கு மேல் வளரும். உப்புத் தண்ணீர், ஆயிரம் லிட்டருக்குக் குறையாத தொட்டி, சூட்டைக் குறைக்க சில்லர் என்று பட்ஜெட் எகிறும். கலிபோர்னியாவின் சிறுத்தைச் சுறா இன்னும் குளிர்ந்த கடல்வாசி. அதற்குத் தொட்டி போதாது, ஃபிரிஜ்தான் வாங்கணும்!

மீனுக்காக வீட்டை மாற்ற முடியாது. வீட்டுக்கேற்ற மீனைத்தான் தேட வேண்டும். முதலில் தெர்மாமீட்டர் வாங்கி, வெறும் தண்ணீர்த் தொட்டியில் போட்டு, ஒரு ஞாயிறு மத்தியானம் ஜன்னலை மூடிவிட்டுப் பாருங்கள். ஃபேன் வைத்தும் 29-ஐத் தாண்டுகிறதா? ஷார்க்கை மறந்துவிட்டு கௌராமி வாங்குங்கள். மேலே வந்து காற்றையே குடித்துச் சமாளிக்கும்.

அப்படியும் ஷார்க் ஆசை அடங்கவில்லையா? அம்மாவிடம் சொல்லி சுறாப்புட்டு கிண்டச் சொல்லுங்கள்!