ஹாலோவீன் பார்ட்டிக்கு டிக்கெட் போடப் போறீங்களா? திருப்பூர் குடும்பங்கள் கவனிக்க வேண்டியவை

அக்டோபர் பிறந்தாலே இன்ஸ்டாகிராம் முழுக்க ஆரஞ்சுப் பூசணியும் எலும்புக்கூடும்தான். திருப்பூருக்கு மட்டும் இந்த சீசன் முன்னாடியே வந்துவிடும். அமெரிக்கக் கடைகளில் செப்டம்பருக்குள் சரக்கு தொங்க வேண்டும் என்றால், பேய், வௌவால் பிரிண்ட் போட்ட டி-ஷர்ட்டும் குழந்தைகள் பைஜாமாவும் பல வாரங்களுக்கு முன்பே கப்பல் ஏறியாக வேண்டும். அதனால் பனியன் கம்பெனிகளுக்கு ஹாலோவீன் கோடைக்கால வேலை.

2026-ல் அக்டோபர் 31 சனிக்கிழமை. வாரச் சம்பளம் கையில் வரும் நாள், மறுநாள் லீவு. ‘எங்கயாவது போலாமா?’ என்ற கேள்வி வீட்டில் வரத்தான் செய்யும்.

ஹாலோவீன் என்றால் என்ன?

அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் நேரத்தில் அயர்லாந்து, ஸ்காட்லாந்து பகுதிகளில் கொண்டாடப்பட்ட ‘சாவின்’ என்ற பழைய விழாவோடு இதைத் தொடர்புபடுத்துவார்கள். கிறிஸ்தவ மரபில் நவம்பர் 1 அனைத்துப் புனிதர்கள் நாள். அதற்கு முந்தைய இரவுதான் ஹாலோவீன். நவம்பர் 2-ம் தேதி கல்லறைத் திருநாள் நம் ஊரிலும் உண்டு. அன்று கத்தோலிக்கக் குடும்பங்கள் கல்லறைகளைச் சுத்தம் செய்து பூவும் மெழுகுவத்தியும் வைப்பார்கள்.

அயர்லாந்தில் டர்னிப் கிழங்கைக் குடைந்துதான் விளக்கு செய்தார்கள். அமெரிக்கா போனபிறகு அது பூசணி ஆனது. புது கட்டடத்தில் மீசை வரைந்த திருஷ்டிப் பூசணி கட்டும் ஊருக்கு இதில் பெரிய ஆச்சரியம் இருக்காது!

குடும்பத்தோடு போக எங்கே தேடுவது?

திருப்பூரில் ஆண்டுதோறும் நடக்கும் நிலையான விழா என்று இதைச் சொல்ல முடியாது. சுமார் 50 கி.மீ. தூரத்தில் உள்ள கோவையின் மால்கள், ஸ்டார் ஹோட்டல்கள், கஃபேக்கள்தான் முதலில் பார்க்க வேண்டியவை. அக்டோபர் நடுவில் இருந்து அவர்களின் சமூக வலைதளப் பக்கங்களையும், புக்மைஷோ, டிஸ்ட்ரிக்ட் போன்ற டிக்கெட் செயலிகளையும் பாருங்கள். உங்கள் அபார்ட்மெண்ட் சங்கம், குழந்தையின் பள்ளி வாட்ஸ்அப் குழுவையும் விட்டுவிட வேண்டாம். சின்னக் குழந்தைகளுக்கு ஏற்றவை பெரும்பாலும் இந்த மாதிரி சின்ன நிகழ்ச்சிகள்தான்.

பணம் கட்டும் முன் நான்கு கேள்வி கேளுங்கள்:

* எந்த வயதுக் குழந்தைகளுக்கு ஏற்றது? ‘ஹாரர் ஹவுஸ்’ நான்கு வயதுப் பிள்ளைக்கு வேண்டாம்.
* குழந்தைக்குத் தனி டிக்கெட்டா?
* கட்டணத்தில் சாப்பாடு சேர்த்தியா?
* நிகழ்ச்சி ரத்தானால் பணம் திரும்ப வருமா?

பெரியவர்களுக்கு மட்டும் என்றால்?

தமிழ்நாட்டில் மது அருந்த குறைந்தபட்ச வயது 21. காலேஜ் பசங்க குரூப்பாகப் போனால் அடையாள அட்டை கையில் இருக்கட்டும். இரவு 10 மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி வைக்க பொதுவாக அனுமதி இல்லை. எனவே ‘மைதானத்தில் விடிய விடிய டிஜே’ என்று விளம்பரம் வந்தால், டிக்கெட் எடுப்பதற்கு முன் அனுமதி பற்றி விசாரியுங்கள். திரும்பி வர வண்டி யார் ஓட்டுவது என்பதையும் கிளம்பும்போதே முடிவு பண்ணிவிடுங்கள்.

கூட்டத்தையும் லேசாக எடுக்கக் கூடாது. 2022 அக்டோபர் 29 இரவு, தென்கொரியாவின் சோல் நகரில் இதேவோன் பகுதிக்கு ஹாலோவீன் கொண்டாட வந்தவர்கள் குறுகிய சந்து ஒன்றில் நெரிசலில் சிக்கினார்கள். 159 பேர் இறந்தார்கள். உள்ளே நுழைந்ததும் வெளியேறும் வழி எங்கே என்று பாருங்கள். கையை அசைக்க முடியாத அளவுக்குக் கூட்டம் சேரும் முன்பே நகர்ந்துவிடுங்கள்.

வேஷத் துணியில் என்ன பார்க்க வேண்டும்?

திருப்பூர் மெர்ச்சண்டைசர்களுக்குத் தெரிந்த விதி ஒன்று உண்டு. அமெரிக்காவுக்குப் போகும் குழந்தைகள் இரவு உடை எளிதில் தீப்பற்றாத துணியில் இருக்க வேண்டும். இல்லையென்றால் உடம்போடு ஒட்டிய அளவில் தைத்திருக்க வேண்டும். காட்டன் பைஜாமா இரண்டாவது வகை. தொளதொள துணி நெருப்புக்கு அருகே சட்டென்று போகும், உள்ளே காற்று புகுந்து வேகமாக எரியும் என்பதே காரணம். இதை எச்சரிக்கும் அட்டையும் லேபிளும் அந்த உடையில் இருக்கும்.

அந்த லேபிளைத் தைத்து அனுப்பும் ஊரில், நம் பிள்ளைக்கு ஆன்லைனில் வாங்கும் மந்திரவாதி அங்கியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கிறோமா? மெல்லிய பாலியஸ்டர் தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். 2024-ல் தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாளில் வந்தன. 2026-ல் தீபாவளி நவம்பர் 8. எட்டு நாள்தான் இடைவெளி. அந்த வாரம் தெருவில் பட்டாசு இல்லாமல் இருக்காது.

எனவே தரையில் புரளாத, கை அகலமில்லாத உடையாக எடுங்கள். முகமூடிக்குப் பதில் முகத்தில் பெயிண்ட் போட்டால் கண் மறைக்காது. பூசணிக்குள் மெழுகுவத்தி வேண்டாம், பேட்டரி விளக்கு போதும். வேஷத்தோடு பட்டாசு பக்கம் போகக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

நம்ம ஊரிலும் வேஷம் உண்டு

வேஷம் கட்டி வீடு வீடாகப் போவதைப் பார்க்க வேண்டும் என்றால், நவராத்திரி நேரத்தில் தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினம் போகலாம். முத்தாரம்மன் கோயில் தசராவுக்கு விரதமிருந்து காளி, குறவர், கரடி, போலீஸ் என விதவிதமாக வேஷம் போட்டு, காணிக்கை வாங்கிக் கோயில் உண்டியலில் செலுத்துவார்கள். இது பொழுதுபோக்கு அல்ல, நேர்த்திக்கடன். மரியாதையோடு பார்த்துவிட்டு வரலாம்.

எங்கேயும் கிளம்ப முடியவில்லையா? அபார்ட்மெண்டில் நாலு வீடு சேர்ந்து, பிள்ளைகளுக்கு வேஷம் போட்டு, பாட்டியை ஒரு பேய்க்கதை சொல்ல வையுங்கள். மிட்டாய் செலவு மட்டும்தான்.