முதியோர் கைக்கேற்ற காகித அலங்காரம்

முதுமை வந்துற்ற காலத்துக் கண் மங்குதலும், செவி மந்தமாதலும், கால் தளர்தலும் இயல்பே. ஆயினும் கையோ தான் பல்லாண்டு பழகிய தொழிலை எளிதில் மறப்பதன்று. அரிசி புடைத்த கை, துணி தைத்த கை, ஓலை முடைந்த கை, எழுதுகோல் பிடித்த கை ஆகிய இவையெல்லாம், செய்தற்கு ஒன்றும் இல்லாதபோது மடிமேற் கிடந்து, முந்தானையின் நுனியையோ துண்டின் கரையையோ மடிப்பதும் விரிப்பதுமாக இருத்தலை வீடுதோறும் காணலாம். "நீங்கள் இனி ஒன்றும் செய்யவேண்டாம், சும்மா இருங்கள்" என்று நாம் அன்பினாற் கூறுகின்றோம். அவ்வன்பே சிலபோது அவர்களுக்குப் பாரமாகிவிடுகின்றது. ஆதலின், முதியோர் தம் வீட்டில் இருந்தபடியே செய்யத்தக்க எளிய காகித அலங்காரங்கள் சிலவற்றையும், அவ்வேலையை அவர்களிடம் ஒப்புவிக்கும் முறையையும் ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

காகிதம் இதற்குத் தக்கதென்பதற்குக் காரணங்கள் பல. அது விலை குறைந்தது, எடை இல்லாதது, மெலிந்த விரலுக்கும் வளைந்து கொடுப்பது. ஒரு தாள் பழுதானால் மற்றொரு தாளை எடுத்துக்கொள்ளலாம். களைப்பு வந்தவிடத்து வேலையை நிறுத்தி, மறுநாள் விட்ட இடத்திலேயே தொடங்கலாம்.

இவ்விஷயத்தில் யாம் முதலிற் செய்த பிழையை மறையாது கூறுதல் நலம். எமது பாட்டியார் எழுபத்தெட்டு வயதினர். இளமையிற் பனையோலையாற் கொட்டானும் விசிறியும் முடைந்தவர். வீட்டில் ஒரு விசேஷத்துக்காகக் காகிதத் தோரணம் கட்ட வேண்டியிருந்தது. அவருக்குச் சிரமம் ஆகாதென்றெண்ணி, நிறத்தை யாமே தேர்ந்து, தாளை யாமே வெட்டி, ஒட்டும் இடத்திற் கோடும் இட்டு, பசைக் கிண்ணத்தை மாத்திரம் அவர்முன் வைத்தோம். இரண்டு வளையங்களை ஒட்டியபின் கிண்ணத்தை ஒதுக்கிவிட்டு, "எல்லாம் நீயே முடித்துவிட்டாய், ராசா, பசை தடவ மட்டும் நான் எதற்கு?" என்றார். யாம் யாதொரு மறுமொழியும் கூற இயலாது நின்றோம். அவருடைய சிரமத்தைக் குறைப்பதாக எண்ணி, அவருடைய வேலையையே எடுத்துக்கொண்டோம் என்பது அப்பொழுதுதான் விளங்கியது.

முதியோர் கையிற் காகிதம் என்ன ஆகக்கூடும் என்பதற்கு இரண்டு சான்றுகள் காட்டுவோம். இங்கிலாந்தில் 1700-ஆம் ஆண்டிற் பிறந்த மேரி டெலானி என்னும் அம்மையார், கணவரை இழந்தபின், 1772-இல், தமது எழுபத்திரண்டாம் வயதில், வண்ணக் காகிதத்தை நுண்ணிய துண்டுகளாக நறுக்கிக் கறுப்புத் தாளின்மேல் ஒட்டிப் பூச்செடிகளின் உருவங்களை அமைக்கத் தொடங்கினார். ஒரு பூவின் இதழும் அருகிற் கிடந்த காகிதத் துண்டும் ஒரே நிறமாய் இருந்தமையே அவருக்கு இவ்வெண்ணத்தைத் தந்ததென்பர். கண்பார்வை குன்றி அவ்வேலையை நிறுத்துமளவும் ஏறக்குறைய ஆயிரம் உருவங்களைச் செய்து முடித்தார். அவை இன்றும் லண்டன் பிரிட்டிஷ் மியூஸியத்தில் இருக்கின்றன.

மற்றொருவர் பிரான்சு தேசத்து ஓவியர் ஹென்றி மத்தீஸ். 1941-இல் வயிற்றிற் பெரிய ரண சிகிச்சை நடந்தபின் அவர் பெரும்பாலும் படுக்கையிலும் சக்கர நாற்காலியிலுமே இருக்க நேர்ந்தது. அக்காலத்தில் உதவியாளர் தாள்களுக்கு வண்ணம் பூசிக் கொடுத்தனர். அவர் கத்தரிக்கோலால் உருவங்களை வெட்டினார். அவற்றை இன்ன இடத்தில் வைக்கவேண்டும் என்று அவர் சொல்ல, அவர்கள் சுவரிற் பொருத்தினர். 'ஜாஸ்' என்னும் அவரது புகழ்பெற்ற நூல் அவ்வாறு பிறந்து 1947-இல் வெளிவந்தது. ஏணியில் ஏறுதலும் வண்ணம் பூசுதலும் பிறர் கைக்குச் சென்றன. வெட்டுதலும் தீர்மானித்தலும் அவர் கையிலேயே நின்றன. இதுவே யாம் கவனியாது விட்ட முறை.

நிற்க. முதிய உடலின் இயல்பையறிந்து ஆயத்தம் செய்தல் இளையோர் கடன். முதுமையிற் கண்ணின் பாவை சுருங்குதலால் உட்செல்லும் ஒளி மிகக் குறைகிறது. ஆதலின், பகல் வெளிச்சம் நன்கு விழும் தாழ்வாரமே தகுந்த இடம். கண்ணின் வில்லை மஞ்சள் நிறம் ஏறுவதனால், நீலமும் பச்சையும் ஒன்றுபோலத் தோன்றக்கூடும். சிவப்பு, மஞ்சள் முதலியன எளிதிற் புலப்படும். முழங்கையை ஊன்றுதற்கு மேசை வேண்டும். கத்தரிக்கோலின் பிடியிற் பழந்துணியைச் சுற்றினால் விரல் நோவாது. கத்தரிக்கோல் பிடிக்க இயலாதவர், தாளை மடித்து, மடிப்பை நகத்தால் அழுத்தி, அளவுகோலை அதன்மேல் வைத்துக் கிழித்துக்கொள்ளலாம். காகிதத்துக்கும் மரத்தைப்போல நாரோட்டம் உண்டு. எத்திசையிற் கிழித்தாற் கோணாது நேராகக் கிழிகிறதோ, அத்திசையில் மடிப்பும் எளிதாகும்.

இனிச் செய்முறைகளைக் கூறுவோம்.

முதலாவது, சங்கிலித் தோரணம். ஓரங்குல அகலமும் ஆறங்குல நீளமும் உள்ள துண்டுகளை எடுத்து, ஒன்றன் இரு முனைகளையும் அரை அங்குலம் மேற்படிய ஒட்டி வளையமாக்குக. அடுத்த துண்டை அவ்வளையத்தினுள்ளே நுழைத்து ஒட்டுக. இவ்வாறு தொடர்ந்தால், பத்தடித் தோரணத்துக்கு ஏறக்குறைய 70 வளையங்கள் வேண்டும். கை நடுங்குவோர்க்கும் இது கைகூடும். நிற வரிசையை அவர்களே அமைத்தல் வேண்டும்.

இரண்டாவது, விசிறிப்பூ. பன்னிரண்டு அங்குல நீளமும் ஆறங்குல அகலமும் உள்ள தாளை, நீளவாட்டில் அரை அங்குலத்துக்கு ஒன்றாக முன்னும் பின்னும் மாற்றி மாற்றி மடித்தால், 24 மடிப்புகள் கொண்ட ஒரு பட்டை கிடைக்கும். அதன் நடுவை நூலால் இறுகக் கட்டி, இரு பக்கங்களையும் விசிறிபோல விரித்து, எதிர்ப்படும் விளிம்புகளை ஒட்டினால், ஆறங்குல விட்டமுள்ள வட்டப்பூ ஆகும். மடிக்குமுன் தாளின் நீண்ட விளிம்புகளிற் பொன்னிறக் காகிதத்தை ஒட்டினால் அழகு மிகும். தாளைச் சதுரமாக எடுத்தலாகாது. நீளம் போதாமையால் வட்டம் நிரம்பாது.

மூன்றாவது, கூண்டு விளக்கு. ஒன்பது அங்குல நீளமும் ஆறங்குல அகலமும் உள்ள சற்றுத் தடித்த தாளை, அகலம் மூன்றங்குலம் ஆகும்படி நீளவாட்டில் இரண்டாக மடிக்க. மடிப்புப் பக்கத்திலிருந்து அரை அங்குல இடைவெளியில், எதிர் விளிம்புக்கு ஓரங்குலம் எஞ்சும்படி வெட்டிச் செல்க. பின்பு தாளை விரித்துக் குழலாகச் சுருட்டி ஒட்டி, மேலும் கீழும் மெல்ல அழுத்தினால், நடுவிடம் புடைத்துக் கூண்டுபோல நிற்கும். மேலே ஒரு காகிதப் பட்டையைக் கைப்பிடியாக ஒட்டித் தொங்கவிடலாம். இதனுள்ளே மெழுகுதிரியேனும் அகலேனும் ஒருபோதும் வைத்தலாகாது. விளக்கென்பது இதன் பெயரேயன்றித் தொழிலன்று.

பசைக்கு மைதா மாவைத் தண்ணீரிற் கட்டியின்றிக் கரைத்துக் காய்ச்சினாற் போதும். பூச்சி அரியாதிருக்க மயில் துத்தம் கலப்பாரும் உளர். அது நச்சுப் பொருள். விரலை நாவில் ஈரப்படுத்தித் தாள் புரட்டும் பழக்கமுள்ள முதியோர் இருக்குமிடத்து அதனை விலக்குக. வேண்டிய பசையை அன்றன்று காய்ச்சிக்கொள்ளுதலே நன்று.

இவையனைத்தினும் முக்கியமான விதி ஒன்றுண்டு. செய்த பொருள் வேண்டப்படுவதாக இருத்தல் வேண்டும். பொழுது போகட்டும் என்று ஒரு வேலையைக் கொடுத்து, முடிந்தபின் அதைக் குப்பையில் இடுவோமாயின், முதியோர் அதனை அறியாமற் போகார். கலியாணத்துக்கோ பண்டிகைக்கோ பேரக்குழந்தையின் பிறந்தநாளுக்கோ இன்ன நாளில் இத்தனை பூ வேண்டும் என்று கேட்டு, அவர்கள் செய்ததை வாயிலிலே கட்டுதல் வேண்டும். ஒன்று சற்றுக் கோணலாயினும் அவரறியாமல் திருத்தலாகாது.

எமது பாட்டியாரிடம் மறுநாள் முழுத் தாள்களை வைத்து, வாயிலின் அகலத்தை மட்டும் சொல்லி, "எப்படிச் செய்யலாம், ஆச்சி?" என்று கேட்டோம். அவர் சிறிது நேரம் தாளைத் தடவிப் பார்த்தார். பிறகு, குருத்தோலையை மடிப்பதுபோலவே அதை மடிக்கத் தொடங்கினார். விசிறிப்பூவின் மடிப்பு அவருக்கு நாம் கற்பிக்க வேண்டிய ஒன்றாய் இருக்கவில்லை. பனையோலை இயற்கையிலேயே அவ்வாறு மடிந்திருப்பதன்றோ! எம் மடிப்புகள் கோணியபோது அவரே பிரித்துத் திருத்தினார். விசேஷத்தன்று வந்தவர்கள் தோரணத்தை அண்ணாந்து பார்க்குந்தோறும், திண்ணையில் இருந்தபடி அவர் அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவ நண்பர் ஒவ்வொருவர் வீட்டிலும் இத்தகைய கைகள் இரண்டேனும் இருத்தல் கூடும். போகும்போது சில வண்ணத் தாள்களை வாங்கிச் செல்க. அவற்றை வெட்டாமற் கொண்டுபோய்க் கொடுங்கள். எமது பாட்டியார் அடுத்த பண்டிகைக்கு ஒரு மாதம் முன்னமே சொல்லியனுப்பிவிட்டார்: "மஞ்சள் தாள் கூடுதலாக வாங்கி வா, சென்ற தடவை போதவில்லை."